நாற்பத்து மூன்று வினாடி

வீட்டில் அவளுக்குத் தொணா என்று பெயர். சின்ன வயதில் வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பிள்ளை. ஏன், எதுக்கு, அப்புறம் என்னாச்சு என்று பல் துலக்கும்போது ஆரம்பித்தால் தூங்கும்வரை தொணதொணப்புதான். அம்மா சலித்துப்போய் வைத்த பட்டப்பெயர் சுருங்கி, ஒட்டிக்கொண்டு, நாற்பதை நெருங்கும் வயதிலும் கூடவே வந்தது. அவள் பார்த்த வேலையும் அதற்குத் தோதாகவே அமைந்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நோயாளிகளைக் கேள்வி கேட்டு, சோதனைகள் செய்து, குறிப்பெழுதி மருத்துவரிடம் கொடுக்கும் வேலை. உளவியல் படித்திருந்தாள். "கேள்வி கேக்குறதுக்கே ஒரு உத்தியோகம் இருக்குன்னு உன்னைப் பாத்துத்தான்டி தெரிஞ்சுது" என்பாள் அக்கா.

அந்தச் சோதனைகளில் ஒன்று, வீடு வரைவது. வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "உங்களுக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு வரையுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். கதவு இருக்கிறதா, சன்னல் எத்தனை, ஆள் நிற்கிறாரா என்று வரைந்து முடித்த படத்தை வைத்துத்தான் குறிப்பெழுதுவார்கள். தொணாவோ கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிறு வயதிலிருந்தே படம் வரைகிறவள், கண் தானாக அங்கேதான் போகும். ஒருவர் கூரையை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, கதவின் கைப்பிடிக்கு வந்ததும் அசையாமல் உட்கார்ந்துவிடுவார். இன்னொருவர் சன்னலைப் போட்டுப் போட்டு அழிப்பார். படம் முடிந்ததும் பார்த்தால் கைப்பிடி ஒரு புள்ளி, சன்னல் ஒரு கட்டம், அவ்வளவுதான். அங்கே செலவழிந்த நேரம் தாளில் எங்கும் இருக்காது. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு மருத்துவமனை தாளை விட்டுவிட்டு டேப்லெட்டுக்கு மாறியது. கண்ணாடித் திரையில் டிஜிட்டல் பேனாவால் வரைய வேண்டும். பேனா எந்த நொடியில் எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எதை அழித்தது என்று ஒன்று விடாமல் அந்தக் கருவி எழுதி வைத்துக்கொள்கிறது என்று தெரிந்த அன்று தொணாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நோயாளிகளின் படத்தைத் தொடக் கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். அது அவர்களுடைய சொத்து. சொந்தமாகப் பழைய டேப்லெட் ஒன்றை வாங்கினாள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலைக்குப் போவதாக எழுதிக் கொடுத்தாள். கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் முட்டி மோதினாள். தோழிகள், பக்கத்து வீட்டார், தபால்காரர் என்று சம்மதித்தவர்களை எல்லாம் உட்கார வைத்து அவரவர் வளர்ந்த வீட்டை வரையச் சொன்னாள். அந்தப் பதிவை புரொஜெக்டர் வழியாக ஆளுயரக் கித்தானில் விழச் செய்து, மெதுவாக ஓடவிட்டு, அதன் மேல் அக்ரிலிக் வண்ணம் பூசினாள். கை ஓடிய இடத்தில் மெல்லிய பூச்சு. கை நின்ற இடத்தில் வினாடிக்கு ஓர் அடுக்கு. ஐந்து வினாடி நின்றால் ஐந்து அடுக்கு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. அழித்த கோடுகளைக் கத்தி முனையால் கீறி வெள்ளையாகக் காட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. கிட்டே போய்ப் பக்கவாட்டில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக, ஒரு மனிதர் எங்கெங்கே தயங்கினார் என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

பதினோராவது ஆள் அக்கா.

அக்கா தையற்காரி. தொணாவைவிட ஆறு வயது மூத்தவள். குடியிருப்பின் தரைத்தளத்தில் முன்னறையைக் கடையாக்கி, பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தளர்ந்த கோட்டுகளை இறுக்கித் தைப்பது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்கக் குனிந்தே இருப்பாள். அம்மா போய் எட்டு வருடமாகிறது. அப்பா அவளோடுதான் இருந்தார். சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரும்புச் சத்தத்திலேயே இருந்து காது பாதி போயிருந்தது.

"எனக்கெல்லாம் படம் வராதுடி."

"வரவே வேணாம். நம்ம பழைய வீட்டை நினைச்சுக்கிட்டு கையை ஓட்டு, போதும்."

"சட்டுனு முடிச்சு விடு. முப்பது பாவாடைக்கு மடிப்பு வைக்கணும்."

அக்கா நாலு நிமிடத்தில் வீட்டை முடித்தாள். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கேட் எல்லாம் இருந்தன. கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆளைப் போட ஆரம்பித்தாள். தலை, தோள், ஒரு கை. அழித்தாள். அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று வினாடி ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தலையைப் போட்டாள், மறுபடியும் அழித்தாள். "போதும், இதுக்கு மேல ஆவாது" என்று எழுந்துவிட்டாள். தொணா அப்போது உள்ளறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பதிவை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தாள். பத்துப் பேரில் யாருமே அவ்வளவு நேரம் நின்றதில்லை. அதுவும் கேட்டருகில், அப்பாவை வரைந்து, அழித்து. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. அப்பா எப்போது பார்த்தாலும் கிடங்கில்தான். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் சாயங்காலம் வருவார்கள், அவள் அப்பா வர மாட்டார். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாத அக்கா, இதைத்தான் இத்தனை வருடம் மனசுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தாளா?

நாற்பத்து மூன்று அடுக்கு. கருநீலத்தில் ஆரம்பித்துப் போகப் போகக் கறுப்பு. வாரக்கணக்கில் பூசினாள். கேட்டுக்குப் பக்கத்தில் அந்த இடம் காய்ந்த புண்ணின் பொருக்குப் போல எழும்பி நின்றது. பூசும்போது இரண்டு முறை அழுதாள். அவள் வரைந்ததிலேயே ஆகச் சிறந்த படம் அதுதான் என்பதில் சந்தேகமில்லை. ‘வராதவர்’ என்று பெயர் வைத்தாள். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் பூட்டிக்கொள்வாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஊரையே கேள்வியால் குடைகிறவள், கேட்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டாள்.

கண்காட்சிக்கு அக்கா அப்பாவையும் கூட்டி வந்திருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் புதுச் செருப்புமாக வந்து, ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். படங்களுக்குப் பக்கத்தில் சிறு திரைகளில் வரைந்தவர்களின் கோடுகள் தானாக ஓடிக்கொண்டிருந்தன. தங்கள் வீட்டை அடையாளம் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நம்ம வீடுதான. கேட்டுகிட்ட என்ன இது, கறுப்பா? இங்க புகைபோக்கி கிடையாதே."

தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். "வராதவர். யாரு வரலையாம்?"

அக்கா தலைப்பைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"பத்திரிகைக்காரங்கப்பா. இன்னும் வரல" என்று அவர் காதருகில் உரக்கச் சொல்லி அடுத்த படத்துக்கு நகர்த்திக்கொண்டு போனாள்.

பத்திரிகைக்காரர் வரத்தான் செய்தார். இரண்டு நாள் கழித்துக் கால் பக்கக் கட்டுரை வெளியானது. ‘வாசலில் இல்லாத தந்தை, மகளின் கைக்குள் உறைந்த காயம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தொணா அதை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனபோது, அக்கா வேறொரு பிரதியைத் துணி வெட்டும் மேசையில் விரித்து வைத்திருந்தாள். நல்ல வேளை, அப்பா வெளியே நடக்கப் போயிருந்தார்.

"இது யாரோட காயம்?" என்று கேட்டாள் அக்கா. குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, நீ நாப்பத்து மூணு வினாடி நின்னிருக்க. அப்பாவைப் போட்டு அழிச்சிருக்க. சும்மா நிக்கல."

"அப்பா எனக்கு சைக்கிள் கத்துக் குடுத்தாரு. பின்னாடியே ஓடி வருவாரு, செருப்பு பிய்யப் பிய்ய. ஸ்கூல் விட்டா கேட்டுலதான் நிப்பாரு. அதான் அவரை அங்க போட்டேன். நீ பொறந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அவருக்கு நைட் ஷிஃப்ட் போட்டாங்க. அவரு இல்லாதது உனக்குடி. எனக்கு இல்ல."

தொணா கையிலிருந்த பத்திரிகையை மடித்தாள்.

"அப்ப ஏன் அழிச்ச?"

"கை வரல."

"வரலைன்னா? படம் சரியா வரலைன்னு நாப்பத்து மூணு வினாடியா நிப்பாங்க?"

"கை வரலைன்னா கை வரல. ஊரு முழுக்க அப்பாவை ஓடிப்போனவர் மாதிரி ஆக்கிட்ட. அவரு அந்தப் பேப்பரைப் படிக்காம இருக்க நான் காலையிலேயே எடுத்து ஒளிச்சு வச்சேன். போ, எனக்கு வேலை கெடக்கு."

கோபமும் அவமானமும் ஒன்றாக வந்தால் மனிதர் முதலில் செய்வது தன் பக்க நியாயத்தைத் தேடுவதுதான். தொணாவும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைத்தான் செய்தாள். பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா சொல்வது பொய் என்று நிரூபிக்க உட்கார்ந்தாள். நேரம், இடம் இரண்டையும் வரிவரியாகப் பார்த்தாள். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி இருந்தது. பேனாவைத் திரையில் எவ்வளவு அழுத்தினார்கள் என்ற கணக்கு. அவள் அக்கறை எல்லாம் நேரத்தின் மேல் என்பதால், இத்தனை நாளும் அதை ஓரங்கட்டியே வைத்திருந்தாள். சும்மாதான் அதையும் வரைபடமாக்கிப் பார்த்தாள்.

மற்ற பத்துப் பேருக்கும் அது ஏறி இறங்கி ஒரே மாதிரியாக ஓடியது. அக்காவுடையது மலைச்சரிவு. கூரையில் நல்ல அழுத்தம், படிக்கட்டில் பாதி, வளைவு வரும் இடங்களில் எல்லாம் நடுங்கி நடுங்கி விட்டுப்போயிருந்தது. கேட்டருகில் அந்த ஆளின் கையை வளைத்து, அழித்ததும் திடீரென்று பூச்சியம். பேனா திரையைத் தொடவே இல்லை. நாற்பத்து மூன்று வினாடியும் தொடவில்லை. கண்ணாடியின் மேல் யோசித்தபடி நின்ற பேனா இல்லை அது. கீழே விழுந்து கிடந்த பேனா.

கை வரல.

கண்காட்சியில் அக்கா தேநீர்க் கோப்பையை இடது கையில் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒரு தட்டு உடைந்தது. பொத்தான் தைக்கும் வேலையை எதிர்த்தெருப் பெண்ணிடம் கொடுத்தனுப்பியதும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மனசைத் தேடுவதில் மும்முரமாக இருந்தவளுக்குக் கை கண்ணில் படவில்லை.

அடுத்த அரைமணியில் கடை வாசலில் நின்றாள்.

"அக்கா, இந்த ஊசியில நூல் கோத்துக் காட்டு."

"கடைக்கு வந்து வம்பு பண்ணாத."

"ஒரு தடவை கோத்துக் காட்டு. நான் போயிடறேன்."

அக்கா ஊசியை எடுத்தாள். அது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நிற்காமல் நழுவி மேசையில் விழுந்தது. "கண்ணு மங்கிப்போச்சு" என்றாள். மறுபடியும் எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை எடுக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம். கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் மரத்துப்போவுது. காலையில எழுந்தா ஊசி குத்துற மாதிரி. கையை உதறினா சரியாயிடும். இப்ப உதறினாலும் ஆவல."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல? நான் ஆஸ்பத்திரியிலதான் வேலை செய்யிறேன்."

அக்கா மேசை மேலிருந்த நூல்துணுக்குகளை இடது கையால் ஒன்றாகக் கூட்டினாள். "சொன்னா நீ கையை விட்டுட்டு மனசுக்குள்ள பூந்து நோண்டுவ. இந்த விரலு எதுக்கு மரத்துச்சு, சின்ன வயசுல எதைத் தொட்டுப் பயந்தன்னு கேப்ப. எனக்குத் தெம்பில்லடி."

தொணா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. அக்கா திட்டிக்கொண்டே அவள் முகத்தைத் தன் அளவு நாடாவின் நுனியால் துடைத்துவிட்டாள்.

மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு கிடக்கிறது என்றார் மருத்துவர். இருபத்தைந்து வருடம் கத்தரி பிடித்த கை. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் விரல்கள் சூம்பியிருக்கும் என்றார். சின்ன அறுவைதான். ஆனால் ஆறு வாரம் தையல் கூடாது. முப்பது பாவாடையும் முந்நூறு சாக்கும் சொல்லிப் பார்த்தாள் அக்கா. பலிக்கவில்லை.

கேலரி நடத்துகிறவர் முதலில் முரண்டு பிடித்தார். "பேப்பர்ல வந்தாச்சு. இந்தப் படத்தைப் பாக்கத்தான் ஆளுங்க வர்றாங்க. இப்பப் போய் பேரை மாத்துறேன்னா எப்படி?"

"அது தப்பான பேரு சார். என் அக்கா தலையில நான் கட்டினது."

படத்தை இறக்கிவிடவும் தயாராகத்தான் போனாள். அக்காதான் தடுத்தாள். "படம் நல்லாத்தான இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல நான் சொல்றதை எழுதி வை." அவள் சொல்லச் சொல்ல தொணா எழுதினாள். தலைப்பு இருந்த இடத்தில் அந்த அட்டை ஒட்டப்பட்டது:

‘இந்த இடத்தில் பேனா கீழே விழுந்துவிட்டது. என் கையில் நரம்புக் கோளாறு. எங்கள் அப்பா நல்லவர். தினமும் வீட்டுக்கு வந்தார்.’

படிக்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தக் கறுப்பு மேட்டின் முன்னால் முன்பைவிட அதிக நேரம் நின்றார்கள். கட்டுரை எழுதியவர் மட்டும் தொலைபேசியில் கோபித்துக்கொண்டார்.

அந்த ஆறு வாரம் கடை நடந்ததே ஒரு கூத்து. எதிர்த்தெருப் பெண் தைத்தாள். அக்கா கட்டுப்போட்ட கையை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு அதிகாரம் செய்தாள். வேலையில்லாத நாட்களில் தொணா வந்து துணி மடித்தாள். அப்பா இஸ்திரிப் பெட்டியைக் கிரேன் ஓட்டுவதுபோல ஓட்டினார். மெதுவாக இறக்குவார், நேர்க்கோட்டில் நகர்த்துவார், தூக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் "தள்ளி, தள்ளி" என்பார்.

ஒருநாள் மற்றவர்கள் உள்ளே இருந்தபோது தொணா அவரிடம் கேட்டாள். காது கேட்க வேண்டும் என்பதால் சத்தமாகவே கேட்க வேண்டியிருந்தது.

"அப்பா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப நீங்க வீட்டுல இருந்த ஞாபகமே எனக்கு இல்லப்பா."

அவர் சட்டைக் காலரை நீவிக்கொண்டே யோசித்தார். "இருந்தேனேம்மா. பகல் பூரா இருந்தேன். தூங்கிக்கிட்டு இருந்தேன். நீ பேசிக்கிட்டே இருப்பியா, உங்கம்மா உன்னைக் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போயிடுவா, நான் முழிச்சுக்கக் கூடாதுன்னு. சில நாள் நான் முழிச்சுட்டேதான் படுத்திருப்பேன். மேலேருந்து உன் சத்தம் கேக்கும். என்ன பேசுறன்னு புரியாது."

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டிருக்கலாம்" என்றார் அவர். காலரைத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கம் தேய்த்தார். அவளும் அத்தோடு விட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் டேப்லெட்டை எடுத்துத் தானே அந்த வீட்டை வரைந்து பார்த்தாள். பதினோரு பேரை உட்கார வைத்தவள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. பயனில்லை. பேனா ஒவ்வொரு நொடியையும் எண்ணுகிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. எங்கும் நிற்காமல், எதையும் அழிக்காமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காக வரைந்து முடித்தது. தபால்காரர் வரைந்ததில் கால்வாசி உயிர்கூட அதில் இல்லை. அந்தப் பதிவை அழித்துவிட்டாள். நாற்பத்து மூன்று அடுக்கும் தன்னுடையவைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்ட பிறகு, புதிதாக ஒன்று வரையத் தேவையும் இருக்கவில்லை.

அக்காவின் விரல்கள் இரண்டில் உணர்வு முழுசாகத் திரும்பியது. கட்டைவிரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. வெட்டுவாள், மிஷினில் தைப்பாள். கைத்தையல் எல்லாம் எதிர்த்தெருப் பெண்ணுக்குப் போய்விட்டது. இருவரும் கூட்டாளிகளாகி, கடைக்கு இன்னொரு மிஷின் வந்தது.

தொணா வேலை செய்யும் முறை மாறியது. எதை அழித்தாலும் கருவி வைத்துக்கொள்ளும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறாள். அதனால் சிலர் உஷாராகி, காலண்டர் படம் போல வரைந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பல மாதங்கள் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. இந்தம்மா பழைய மாதிரியே செய்திருக்கலாம் என்று கேலரிக்காரர் முணுமுணுத்தார். அவள் விடவில்லை. படம் முடிந்ததும் வரைந்தவரோடு உட்கார்ந்து பதிவை ஓடவிட்டு, நின்ற இடம் ஒவ்வொன்றிலும் கேட்கிறாள். தொலைபேசி அடித்தது, மூக்கு அரித்தது, அண்ணனோடு அந்த அறையில்தான் சண்டை போட்டேன், பசித்தது. சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்கிறாள்.

போன வாரம் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வந்தார். கனத்த கைகள், பேச்சு குறைவு. மாடிப்படியின் ஐந்தாவது படியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றிருந்தார். பேனா திரையைத் தொட்டபடியே இருந்தது. அழுத்தமும் குறையவில்லை.

"இங்க போன் வந்துச்சாங்க?"

"இல்லீங்க."

"கை வலிச்சுதா?"

"வலியெல்லாம் இல்ல."

"அப்புறம்?"

அவர் இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். தன் கை நிற்பதைத் தானே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"தெரியலீங்க. நின்னிருக்கேன்."

தொணாவின் நாக்கு நுனியில் பத்துக் கேள்விகள் வந்து நின்றன. அப்படியே விழுங்கினாள். ‘தெரியலீங்க, நின்னிருக்கேன்’ என்று அட்டையில் எழுதினாள். பிறகு, வினாடிக்கு ஓர் அடுக்கு பூசுவது தன் வழக்கம் என்று விளக்கி, இந்தப் படிக்கு எத்தனை பூசலாம் என்று அவரையே கேட்டாள்.

அவர் கதவுவரை போய் நின்று யோசித்தார்.

"பாதி போதுங்க" என்றார்.